சாமி பேரில் ஒரு பாஸ்வேர்டு

சுவரும் குலசாமியும் பொதுவாக உள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவே வைஃபை வைக்கக் கூடாது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

உத்தமபாளையத்தில் எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். (தோட்டத்துக்குப் போகும் வழியில் எதிரே வருகிற ஆட்டிடம்கூட அப்பா இதைச் சொல்லிவிடுவார்.) சென்னையில் வேலையும் கிடைத்தது. கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் வெளியாள் நுழையாமல் காவல் காக்கிற வேலை. கொஞ்சம் பொறுங்கள், பிறகு சிரிக்கலாம்.

தான் அடுப்படியில் ஈரக்கையோடு நிற்கும்போதும் நான் சென்னையிலிருந்து பேச வேண்டும் என்றாள் அம்மா. அதற்காக அடுப்புக்கு எதிர்ச்சுவரில், தூரத்திலிருந்தே போனில் பார்க்கவும் கேட்கவும் பதில் சொல்லவும் முடிகிற கேமரா ஒன்றை மாட்டினேன். அப்பாவின் கவலை வேறு.

"பஸ் ஏறுற வரைக்கும் அண்ணனுக்குத் தெரியக் கூடாது ஆத்தா. தெரிஞ்சா மறிச்சிருவாக."

அண்ணன் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. வரப்புத் தகராறில் இரண்டு வீடும் பேசிப் பல வருடம். ஆனாலும் வீட்டுப் பெண் வெளியூர் போவதென்றால், மூத்தவர் வேண்டாமென்றதை அப்பா மீற மாட்டார்.

வைஃபைக்கும் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். ஆங்கில எழுத்தில் எங்கள் குலசாமி ஆலடிக் கருப்பு, பின்னால் 123. எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அம்மாவிடம் மார்தட்டினேன்.

சில நாளில் பெரியப்பா கம்பம் சந்தையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒரு வாழைத்தாரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேரு புள்ளய மெட்ராசுக்கு அனுப்புறாகளாம்ல. ராத்திரி வேலையும் உண்டாமே."

அது அடுப்படியைத் தாண்டாத பேச்சு. அப்பா அம்மாவைச் சந்தேகப்பட்டார். அம்மா பால்காரம்மாவைச் சந்தேகப்பட்டாள். படித்தவள் நான் சும்மா இருப்பேனா? இரண்டு பேரையும் கேமராவுக்கு நேர் கீழே உட்கார வைத்து (வேறு எங்கே?) விசாரணை நடத்தினேன். "வெள்ளிக்கெழம இல்ல, வியாழக்கெழமையே கெளம்புறேன். இது நம்ம மூணு பேரத் தாண்டக் கூடாது."

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா எங்களுக்கு முன்பே வந்து நின்றார்.  கூடாதென்று தலையை மட்டும் ஆட்டினார். அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

"விடு ஆத்தா. இங்கனயே ஒரு வேலை பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் அடுப்படித் தரையில் கிடந்து அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ மல்லிகா, பால் பொங்குது பாரு."

"சரிக்கா" என்று எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள் அம்மா. அப்புறம்தான் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். பெரியம்மாவின் குரல். கேமரா மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த நிமிடம் நான் பெரியம்மா முன்னால் நின்றேன். "அடுத்தவுக வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறது குத்தம் பெரியம்மா."

அவர் அசரவில்லை. "என்னத்த எட்டிப் பாத்தேன்? அன்னைக்கு எங்க நெட்டு வரல. ஒங்க நெட்டுல சாமி பேரப் போட்டு, பின்னால ஒண்ணு ரெண்டு மூணு போட்டேன், தொறந்துச்சு. எங்க கேமராவப் பாக்குற எடத்துலயே ஒங்க அடுப்படியும் வந்து நின்னுச்சு. அங்கயும் சாமி பேரத்தான் போட்டேன். கருப்பு ஒங்களுக்கு மட்டுமா சாமி?"

பெரியப்பா ஈஸிசேரில் சாய்ந்து சிரித்தார். "பூட்டப் பூட்டிச் சாவியப் பங்காளி கையில குடுக்குற புள்ளையவா காவலுக்கு எடுத்துருக்காக?"

எனக்குக் காது சுட்டது. போனை எடுத்தேன். அவர்கள் வீட்டு வைஃபை; ஆலடிக் கருப்பு, 123. திறந்தது. அவர்கள் கேமராவும் திறந்தது. அதில் ஈஸிசேரும் ஒரு வழுக்கைத் தலையும் தெரிந்தன. பெரியப்பா சந்தேகத்தோடு தலையைத் தடவினார். போனிலும் ஒரு கை தலையைத் தடவியது.

சிரிப்பு நின்றது. "இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"நம்ம பங்காளிகள்ல சாமி பேரு தெரியாதவுக யாரு பெரியப்பா?"

கூரையையும் கேமராவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "இத மாத்திக் குடுத்துட்டுப் போ" என்றார்.

"எங்க போக?"

"மெட்ராசுக்குத்தான். வேற எங்க?"

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது வைஃபை வேண்டுமென்றால், "சாமி பேரு என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி 12345678 என்று வைத்து விற்கிற கம்பெனிக்காரனைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. என்ன நியாயம் இது?

போன வாரம் சென்னையிலிருந்து கேமராவைத் திறந்தேன். ஒரே இருட்டு. இருட்டுக்குள் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம்.

"அம்மா, ஒண்ணும் தெரியலையே?"

"துண்டு போட்டு மூடிருக்கேன்."

"ஏன்?"

பெரியம்மா பதில் சொன்னார். "பெரியவுக பேசுற எடத்துல ஒனக்கென்ன சோலி? போயி ஒன் கம்பெனியப் பாரு."