என் பாதுகாவலரான மாப்பிள்ளைக்கு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முத்துவேல் அவர்களுக்கு, மாமனார் இசக்கிதுரை எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தை பேச்சியம்மாளும் இங்கே சுகம். அங்கே நீங்கள், ரோஜா, குழந்தை, சம்பந்தி வீட்டார் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றித்தான் மூன்று நாளாக உங்கள் போனுக்குத் தினமும் செய்தி வருகிறது என்று ரோஜா சொன்னாள். "உங்கள் பொறுப்பிலுள்ள மாணவர் இசக்கிதுரை இன்று ஆறு வகுப்புகளுக்கும் வரவில்லை" என்று வந்ததாம். உங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் அதைப் படித்துவிட்டு "பையனா?" என்று கேட்க, நீங்கள் "மாமனார்" என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் விளக்கலாம் என்றால் உங்கள் அத்தை பாதியில் பிடுங்கி வேறு மாதிரி சொல்லிவிடுவாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இருபத்தேழு வருஷமாக நான் இந்தக் கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர். நீங்கள் பெண் பார்க்க வந்தபோது அப்படித்தான் சொன்னேன், அது பொய்யில்லை. இந்த ஜூனில், வேலைக்குப் போகிறவர்களுக்காக சாயங்காலம் ஆறு மணி வகுப்பாக பி.ஏ. வரலாறு தொடங்கினார்கள். பதினைந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும், ஒருவர் குறைந்தாலும் மூடிவிட வேண்டும். சேர்ந்தது பதினாலு பேர். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற பிச்சை, பஜார் ரோடு கிட்டங்கியில் சுக்கு சலிக்கிற மாதுரி, இப்படி எல்லோரும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள். கடைசி நாள் சாயங்காலம் மாதுரி நூலகத்துக்கு வந்து, புத்தகம் எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பன்னிரண்டாவது எழுதிய மறுமாதம் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம், இருபது வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். அப்போது சூப்பிரண்டு சேவியர் சார் வந்தார். "துரைச்சேட்டா, பிளஸ் டூ பாஸானதாணோ?" என்றார். "அது எந்தக் காலம் சாரே, தென்காசியில" என்றேன். "அது மதி" என்றார், அதுவே போதுமாம். பத்து நிமிஷத்தில் என்னைக் கல்லூரி மாணவனாக்கிவிட்டார்கள்.

பெயருக்குத்தான் மாப்பிள்ளை, எண்ணிக்கை தெகையத்தான். ஆனால் விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் நம்பரைப் போட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் அத்தைக்கும் எனக்கும் ஒரே போன். ரோஜாவின் நம்பர் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆபீஸ் கிளார்க் சுபாஷிணி பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பத்துப் பெண். "அப்போ மாப்பிள்ளையே கார்டியனா இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கொறஞ்சுடப் போறது" என்றாள். உறவுமுறையில் தந்தை, தாய், கணவர், மற்றவர் என்று நாலுதான் இருந்தது. உங்களை 'மற்றவர்' என்று போட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

இதுவரைக்கும் குழப்பம் இல்லை. செப்டம்பரில்தான் வந்தது. கல்லூரியில் எத்தனை மாணவர், எத்தனை ஊழியர், யார் உள்ளூர், யார் வெளிமாநிலம் என்று வருஷாவருஷம் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சுபாஷிணி என்னை ஊழியர் பட்டியலில் ஏற்றினாள், ஏறியது. மாணவர் பட்டியலில் ஏற்றினாள், "இந்த நபர் ஏற்கெனவே உள்ளார்" என்று வந்தது. ஊழியரிலிருந்து எடுத்துவிட்டு மாணவரில் ஏற்றினாள், வகுப்பில் பதினைந்து சரியாக வந்தது, நூலகத்தில் அட்டெண்டர் இல்லை. திரும்பப் போட்டால் நூலகம் சரி, வகுப்பு பதினாலு. "துரை, நீங்க ஏதாவது ஒண்ணுல இருங்களேன்" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதில் இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தால் சொல்லமாட்டேனா. உள்ளூரா வெளியூரா என்பதும் அப்படியே. ரேஷன் கார்டு இங்கே இருப்பதால் ஊழியர் துரை உள்ளூர்க்காரன். பிளஸ் டூ தமிழ்நாட்டில் படித்ததால் மாணவர் துரை வெளிமாநிலத்தான். பிரின்சிபாலுக்கு மாணவர் துரையைத்தான் பிடித்தது. வெளிமாநில மாணவர் என்ற கட்டம் ஆறு வருஷமாகக் காலியாக இருந்ததாம், நடைவழியில் என்னை நிறுத்திக் கைகொடுத்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் கைகொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆக வகுப்பு மூடக்கூடாது என்று என்னை மாணவரில் வைத்தார்கள். உடனே கம்ப்யூட்டர் அட்டெண்டர் இடம் காலி என்று காட்டியது. காலி என்றால் ஆள் எடுக்க வேண்டுமல்லவா, விளம்பரம் அடித்து என் கையில் கொடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். நான்தான் ஒட்டினேன் மாப்பிள்ளை. கோணலாக இருக்கிறது என்று சேவியர் சார் சொல்ல, கிழித்துத் திரும்பவும் நேராக ஒட்டினேன். மறுநாளே காக்கநாட்டிலிருந்து ஷங்கர் என்று நாற்பது வயது ஆள் ஒருவர் வந்து வேலை எப்படி என்று விசாரித்தார். நல்ல மனுஷன். எந்த அலமாரியில் என்ன இருக்கும், மழைக்கு எந்த ஜன்னல் ஒழுகும் என்று எல்லாம் காட்டி, சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். "இப்போ இங்க இருந்தவரு எங்க போனாரு?" என்று கேட்டார். "படிக்கப் போயிட்டாரு" என்றேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் உங்கள் அத்தை சட்டியை இறக்கிவிட்டு, "ஒமக்குப் புத்தி பெரண்டுபோச்சா? அந்தப் பிள்ளை மாதுரி படிக்கணும்னா நீரு வேலையை விடணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. படுத்தால் மாதுரி அழுத முகமும் ஷங்கர் சாயா குடித்த முகமும் மாறிமாறி வருகிறது.

போன புதன்கிழமை கணக்கைச் சரிபார்க்க மூன்று பேர் வந்தார்கள். தலைமை அம்மிணி மேடம். பகலில் நூலகத்துக்கு வந்தபோது நான்தான் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வகுப்புக்கு வந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் மாதுரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேடம் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"உங்களை நான் எங்கயோ பாத்தேனே?"

"ஆமா மேடம். மத்தியானம், லைப்ரரியில."

"அப்போ நீங்க யாரு?"

எழுந்து நின்றேன். பெயரைச் சொன்னேன். வாசலில் சுபாஷிணி கண்ணை மூடிக்கொண்டாள். பிச்சை பேனாவை உருட்டுவதை நிறுத்திவிட்டான். மாதுரி திரும்பியே பார்க்கவில்லை, அவள் தோள் மட்டும் இறுகிப்போய் இருந்தது.

"ரெண்டும் நான்தான் மேடம். ஒண்ணுதான் எழுதணும்னா மாணவன்னே எழுதிக்கோங்க. வேலைக்கு ஆள் வந்திருக்காங்க, இந்த வகுப்புக்கு வேற ஆள் இல்ல" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மேடம் பைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். கணக்கு எப்படி எழுதுவது என்று விளக்குகிற புத்தகமாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், வேலையில் இருந்துகொண்டே அதே இடத்தில் படிக்கிறவரை இரண்டு பட்டியலிலும் காட்டலாம், அதற்கு ஒரு டிக் போட வேண்டும் என்று இருந்தது. "இதை யாரும் வாசிக்கலையா?" என்று கேட்டார். சேவியர் சார் கூரையைப் பார்த்தார். சுபாஷிணி அங்கேயே அந்த டிக்கைப் போட்டாள். பதினைந்தும் சரி, நூலகமும் சரி. விளம்பரத்தை மறுநாள் காலையில் நானே கிழித்தேன். ஷங்கருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவர் வருத்தப்படாமல் "பாஸாயிடுங்க சேட்டா" என்றார்.

அந்த டிக்கினால்தான் உங்களுக்குச் செய்தி வருகிறது. டிக் போட்டதும் கம்ப்யூட்டர் என்னை முழுநேர மாணவன் என்று எடுத்துக்கொண்டது. பகலில் நடக்கிற ஆறு வகுப்பிலும் என்னைத் தேடுகிறது. நான் அந்த நேரத்தில் கீழ்மாடியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் சரிசெய்வதாகச் சுபாஷிணி சொல்லியிருக்கிறாள். அதுவரை வருகிற செய்தியைப் படிக்காமல் அழித்துவிடுங்கள். கல்லூரியிலிருந்து யார் கூப்பிட்டாலும் நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். எனக்கு இந்த வயதில் பட்டமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், வேறொரு ஆள் கிடைத்ததும் பெயரை வெட்டிக்கொண்டு மரியாதையாக அலமாரிப் பக்கம் போய்விடுவேன். மாமனாரால் உங்களுக்கு ஏற்பட்ட தலைகுனிவை மனதில் வைக்காதீர்கள்.

குழந்தைக்கு என் முத்தங்கள். ரோஜாவை மழையில் நனையாமல் இருக்கச் சொல்லவும். சம்பந்திக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் இருவரின் வணக்கம். நீங்கள் மேன்மேலும் உயர ஆசீர்வாதம், பாதுகாவலரை ஆசீர்வதிக்க மாணவனுக்கு உரிமை உண்டென்றால்.

இப்படிக்கு,
இசக்கிதுரை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகிவிட்டது. இன்று திங்கட்கிழமை, வகுப்பில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். சேவியர் சார் விலகல் படிவத்தைக் கொண்டுவந்து, "இனி சேட்டன் கஷ்டப்படண்டா, ஒரு ஒப்பு மதி" என்றார், ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். வாங்கிக்கொண்டேன். மாதுரியும் பிச்சையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசியர் வந்த பாடம் பாதியில் நிற்கிறது, நாளைதான் மீதி. படிவத்தை மடித்து அலமாரிக்குக் கீழே, கால் ஆடுகிற இடத்தில் வைத்துவிட்டேன். முதல் பரீட்சையில் இருபதுக்கு ஆறு எடுத்திருக்கிறேன். எட்டுக்குக் கீழே எடுத்தவர்கள் பாதுகாவலரை அழைத்துவர வேண்டுமாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவசியம் வரவும். அத்தையிடம் மட்டும் மார்க்கைச் சொல்ல வேண்டாம்.