பெட்டிக்குக் கழிவு கிடையாதாம்

கோலாலம்பூர் விமான நிலையம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விமலன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி யுவனேஸ்வரியின் ஒரே அண்ணன் செல்லையா, விமான நிலையத் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், சீதா, பெட்டி மூவரும் நலம். பெட்டி கொஞ்சம் கூடுதலாகவே நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும், நாளைக்குக் காது குத்திக்கொள்ளப் போகும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். விமான நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குப் போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றார்கள். முக்கியம் என்கிறவர்களிடம் பாதியில் வைத்தால் மரியாதையாக இருக்காதே என்று காத்திருந்தேன், அவர்கள் போட்ட பாட்டு முடிவதற்குள் என் பேட்டரி முடிந்துவிட்டது. சீதாவோ, "நான் பாத்துக்கிறேன், நீங்க வாயத் தொறக்காம இங்கயே இருங்க" என்று தன் போனோடும் பெட்டியோடும் எங்கேயோ போய்விட்டாள். இந்தக் கடிதம் கோத்தா கினபாலு வந்து சேர்வதற்குள் பாப்பாவின் காதுப் புண்ணே ஆறியிருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன், மனசு கேட்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா என்று நாலு பேர் கேட்பார்கள், தங்கச்சி கண்ணைக் கசக்குவாள்.

நடந்தது இதுதான். டிக்கெட் மலிவு என்று துள்ளியது நான். அப்புறம் பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, கட்டிய மனைவி பக்கத்தில் உட்காரவும் தனிக் காசு என்றார்கள். இருபது வருடமாக இனாமாகத்தானே உட்காருகிறேன் என்று அதை மட்டும் வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். அதற்குச் சீதா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பெட்டிக்கு இருபது கிலோ கட்டினோம். சீர்த்தட்டு, பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, பலகாரம், எஸ்டேட் தேயிலை, எங்கள் மலையில் விளைந்த திரிங்காப் முட்டைக்கோஸ் எல்லாம் அடுக்கி நானே எடை போட்டேன். எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் தராசு வந்தபோது துரை என்னிடமே கொடுத்துவிட்டாரே, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற அந்தப் பழைய தொங்கு தராசு, அதில் மாட்டினேன். முள் இருபதில் அசையாமல் நின்றது. கொழுந்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் கை, தப்புமா?

கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்தான் இருந்தது.

"அங்கிள், நாலு கிலோ கூட இருக்கு லா. எக்ஸ்ட்ரா கட்டணும்."

"கூடைக்குக் கழிச்சியாம்மா?"

"என்ன கூடை?"

எஸ்டேட்டில் கூடையின் எடையைக் கழித்துத்தான் கொழுந்தை எழுதுவோம், அதுபோல் பெட்டியின் எடையைக் கழிக்க வேண்டும், மழை நாளில் ஈரத்துக்கும் கழிப்போம், இன்றைக்குத் தானா ராத்தாவில் பஸ் ஏறும்போதே மழை, பெட்டி தொப்பலாக நனைந்தது, அதற்கும் பார்த்துப் போடம்மா என்று விளக்கினேன். "இங்க அந்த மாதிரிலாம் கழிக்க மாட்டோம் அங்கிள்" என்றது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்லத்தின் ஞாபகம் வந்துவிட்டது. அவள் கொழுந்தில் ஈரம் என்று நான் கழித்த அன்று, "மனசுல ஈரமே இல்லாத கிராணியாருக்கு இலையில மட்டும் எப்படி ஈரம் தெரியுது?" என்று கேட்டாள். அன்றைக்கும் வரிசையே சிரித்தது. இரண்டு தடவையும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்கள் மெஷின்தான் கோளாறு, என் தராசு பொய் சொல்லாது, சல்லிக்காசு கட்ட மாட்டேன் என்று நின்றேன். அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'மூடப்பட்டது' என்கிற பலகையை வைத்து எழுந்து போய்விட்டது. என் பயணம் அதோடு முடிந்தது மாப்பிள்ளை.

பாப்பாவைச் சித்தப்பா மகன் ஹரிதாஸ் மடியில் உட்கார வையுங்கள். அங்கேயே வேலை பார்க்கிறான், அவனும் மாமன் முறைதான். ஒல்லி மடி, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்குக் காது வலிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். நீங்கள் ஏறும் விமானத்தில் எல்லாம் தங்கச்சி பக்கத்திலேயே உங்களுக்கு இடம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மடி காலியாக இருக்கும் மைத்துனன்,
செல்லையா

பின்குறிப்பு: சீதா வந்துவிட்டாள். விமானமே மூன்று மணி நேரம் தாமதமாம். அந்தப் பெண் சாப்பிடத்தான் போயிருக்கிறது, பக்கத்துக் கவுண்டர் திறந்தேதான் இருந்ததாம். பெட்டியையும் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே என் தராசு. எடை போட்டு முடித்ததும் துணியில் சுற்றி அதைப் பெட்டிக்குள் வைத்தது நான்தான். "நாலு கிலோ இரும்ப உள்ள வச்சிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட மழை ஈரம்னு சொன்னீங்களே" என்றாள். அவளே கூடுதல் காசைக் கட்டிவிட்டாள். அவளுக்கு முன்னால் ஜன்னலோரம், எனக்குக் கடைசி வரிசையில் கழிவறைக்குப் பக்கத்தில். ஹரிதாஸிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தை நானே கையில் கொடுக்கிறேன். தராசு எதற்கு என்றால், தங்கச்சிக்குக் காது குத்திய அன்று அதில்தான் தூளி கட்டி அவளை எடை போட்டோம். பாப்பாவையும் போட வேண்டும். தூளிக்குக் கழிக்க மாட்டேன். அவள் நனைத்திருந்தாலும் கழிக்க மாட்டேன்.