மாஸ்டரின் கழுத்தளவு

மருந்துக் கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவைத் தையல் மாஸ்டர் தொடவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"இது என்னோடது இல்ல."

"உங்களோடதுதான் மாஸ்டர். தைராய்டு மாத்திரை, நூறு."

"என்னோடது ஊதா லேபிள். இது பச்சை."

"மருந்து அதேதான். கம்பெனிதான் வேற. பழைய கம்பெனிச் சரக்கு மூணு வாரமா வரல."

"அதே மருந்துன்னா எதுக்கு வேற கம்பெனி? ஐம்பதாம் நம்பர் நூல்னு பத்துக் கம்பெனி விக்கிறான். எல்லாத்துலயும் ஐம்பதுன்னுதான் போட்டிருக்கு. எது எத்தனை தடவை அறுந்து போகும்னு தைக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"இது நூல் இல்லையே மாஸ்டர்."

"அதான் பயமா இருக்கு. நூல் அறுந்தா திரும்பக் கோத்துக்கலாம்."

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். மாஸ்டர் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆறு வருஷமாக அந்த ஊதா லேபிள் மாத்திரைதான். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று. அப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சுரப்பியும் இத்தனை வருஷம் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. இப்போது யாரோ முகம் தெரியாத கம்பெனிக்காரன் வந்து அதைச் சீண்டப் போகிறான்.

மறுநாள் காலை பச்சை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். விழுங்கியவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"படபடன்னு அடிக்குது. தொட்டுப் பாரு."

"மாத்திரை இன்னும் தொண்டையையே தாண்டியிருக்காது," என்றாள் மனைவி. "எழுந்து குளிங்க."

இரண்டாம் நாள் சீப்பில் ஏழு முடி இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனாலும் ஏழு அதிகம் என்று முடிவு கட்டினார். மூன்றாம் நாள் பழைய டப்பாவின் அடியில் ஆறு ஊதா லேபிள் மாத்திரைகள் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பழசில் பாதி, புதுசில் பாதி சேர்த்து விழுங்கினால் உடம்புக்குத் தெரியாமல் பழக்கிவிடலாம் என்று தோன்றியது. பழைய மாத்திரைமேல் தையல் சாக்பீஸால் நடுக்கோடு போட்டுக் கத்திரியால் வெட்டினார். ஒரு பாதி கையில் நின்றது. இன்னொரு பாதி பறந்துபோய்த் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்தது. இருக்கிற ஆறில் ஒரு பாதி போய்விட்டதே என்று சாயங்காலம்வரை குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"துணி வெட்டுற கத்திரியில மருந்தை வெட்டுற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி. கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவள் வேலை. மாஸ்டரைத் திட்டுவதையும் அதே கையோடு செய்துவிடுவாள்.

பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர்தான் கழுத்துப் பயத்தைக் கிளப்பிவிட்டவர். "தைராய்டுன்னா கழுத்துல தெரியும் மாஸ்டர். வீங்கும். அப்பப்போ பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பார்ப்பதற்கு மாஸ்டருக்கு என்ன கஷ்டம்? டேப் கழுத்திலேயேதான் கிடக்கிறது. கடை திறக்கும்போது போட்டால் பூட்டும்போதுதான் கழற்றுவார். இருபது வருஷத்துத் துணி டேப். மேல்பூச்செல்லாம் தேய்ந்துபோய், எண்கள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். பிளாஸ்டிக் டேப்பை அவர் கடைக்குள் விட்டதில்லை.

சுற்றிப் பார்த்தார். பதினைந்து. கல்யாணத்தின்போதும் பதினைந்துதான். ஆனால் காலர் பட்டனைப் போட்டுப் பார்த்தபோது மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பட்டனை அவர் போட்டே பல வருஷம் ஆகிறது.

"எதுக்கும் முன்கூட்டியே வெந்நீர் ஒத்தடம் கொடுங்க," என்றார் கடிகாரக்காரர். "சூடு பட்டா எந்த வீக்கமும் அடங்கும்."

அன்றிலிருந்து கடையின் மூலையில் மின்சாரக் கெண்டி கொதித்தது. காலையும் மாலையும் துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். துண்டு ஆறும்வரை மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து அளந்தார்.

பதினைந்தேகால்.

மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். அவளும் அளந்தாள். பதினைந்தேகால்தான்.

"முன்னாடி தப்பா அளந்திருப்பீங்க."

"முப்பது வருஷத்துல நான் தப்பா அளந்து நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. அதனால் கெண்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

ஒத்தடம் மூன்று வேளையானது. கழுத்து பதினைந்தரையானது. ஊதா லேபிளைத் தேடி மாஸ்டர் நாலு தெரு சுற்றினார். கடைசிக் கடையில் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட பெண், மஞ்சள் லேபிள் போட்ட மூன்றாவது கம்பெனி டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுவும் அதே மருந்துதான் சார்."

பச்சையில் பயந்தவருக்கு மஞ்சள் கொஞ்சம் தெம்பாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சளைத் தின்ற இரண்டாம் நாள் கழுத்து பதினைந்தே முக்கால். ஒத்தடம் ஐந்து வேளை, தண்ணீர் கைபொறுக்காத சூடு.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை வந்தது. ஒரு கம்பெனியின் காவலாளிகளுக்குப் பதினெட்டுச் சீருடைச் சட்டை. சூப்பர்வைசர் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். மாஸ்டர் ஒவ்வொருவராக அளந்தார். தோள், மார்பு, கை எல்லாவற்றையும் டேப்பால் அளந்து அதே டேப்பால் துணியில் குறிப்பார். காலருக்கு மட்டும் தனி ஏற்பாடு. கழுத்தை டேப்பால் அளந்து, அந்த எண் போட்ட அட்டையை எடுத்துத் துணிமேல் வைத்து வெட்டுவார். எல்லா அளவுக்கும் அட்டைகள் கடை தொடங்கிய நாளிலிருந்து ஆணியில் தொங்குகின்றன.

வந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல கட்டுமஸ்தான கழுத்து. ஒல்லியாக இருந்த ஒருவனுக்குக்கூடப் பதினைந்தரை வந்தது. மாஸ்டருக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மாத்திரையும் விழுங்காமல் எப்படித் கிண்ணென்று நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எண்களைக் குறித்துக்கொண்டார்.

சட்டைகள் போய்ச் சேர்ந்த அன்று டாக்டரிடம் போனார். டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார்.

"எனக்குக் கையில ஒண்ணும் தட்டுப்படலையே. கம்பெனி மாறினா சிலருக்கு லேசா வித்தியாசம் தெரியலாம். ஏதாவது ஒரே கம்பெனியில நில்லுங்க. ஆறு வாரம் கழிச்சு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாம்."

"டாக்டர், ரெண்டு வாரத்துல முக்கால் இஞ்சு ஏறியிருக்கு."

"யாரு அளந்தது?"

"நான்தான். டெய்லர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சு அனுப்பியிருப்பேன். டெய்லர் சொல்லும்போது நான் எப்படி இல்லைங்கிறது?" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலை ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். "கட்டி ஏதாவது இருந்தா சின்னதா ஒரு ஆபரேஷன். பயப்படாதீங்க."

மாஸ்டருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. வெட்டுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். நல்ல துணியில் கத்திரி கோணலாகப் போய்விட்டால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வியாழக்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பெரிய கத்திரியை யார் கேட்டாலும் கொடுத்துடாத. ரெண்டாவது மெஷினுக்குப் பெல்ட் மாத்தணும். மூணாவது வீட்டம்மா ஜாக்கெட்டை அளவு பாக்காம வெட்டாத. அவங்க பழைய அளவைத்தான் சொல்லுவாங்க."

"சும்மா இருங்க."

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் மாஸ்டர். "உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அவள் திட்டவில்லை. அதுவரை பயப்படுவது அவர் பொறுப்பு, திட்டுவது அவள் பொறுப்பு என்றுதான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஒரு தடவை அளந்துடலாம்," என்றாள்.

அளந்தாள். சரியாகப் பதினாறு. கெண்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொதித்ததும் துண்டை முக்கி, முந்தானையால் பிடித்துப் பிழிந்து, அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள். மாஸ்டர் சூட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் சட்டை மூட்டையோடு உள்ளே வந்தார். வெட்டுமேஜையில் பொத்தென்று போட்டார்.

"மாஸ்டர், அளவெடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"தோள் கச்சிதம். மார்பு கச்சிதம். கை நீளம் கச்சிதம். காலருக்குள்ள மட்டும் நாலு விரல் நுழையுது. ஒருத்தன் ரெண்டு பேருக்கு இல்ல, பதினெட்டு பேருக்கும். மேலதிகாரி வந்து, அண்ணன் சட்டையை வாங்கிப் போட்டுக்கிட்டீங்களான்னு கேக்குறாரு."

"என் அளவு தப்பாது," என்றார் மாஸ்டர். குரல் துண்டுக்குள்ளிருந்து வந்தது.

"ஐயா, அவரை இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க," என்று குறுக்கே வந்தாள் மனைவி. "மருந்துக் கடையில தைராய்டு மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டாங்க. கழுத்து ஒரு இஞ்சு வீங்கிப்போச்சு. தினம் அஞ்சு வேளை ஒத்தடம் கொடுத்தும் அடங்கல. நாளைக்கு ஸ்கேன். அப்புறம் கத்தி வைக்கணுமாம்."

சூப்பர்வைசரின் கோபம் இறங்கிவிட்டது. கிட்டே வந்து மாஸ்டரின் கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஒரு நிமிஷம்," என்று சொல்லி ஆவி பறக்கும் துண்டை மெல்லப் பிரித்தார்.

உள்ளே கழுத்தோடு ஒட்டிக்கொண்டு டேப் கிடந்தது. அதிலிருந்தும் ஆவி வந்தது.

அவர் இரண்டு விரலால் அதை உரித்தெடுத்து, வெட்டுமேஜையில் பதித்திருந்த இரும்பு ஸ்கேலின்மேல் நீளவாக்கில் வைத்து, ஓரத்தைச் சரி பார்த்தார். டேப்பின் பதினாறு ஸ்கேலின் பதினைந்தில் நின்றது. மாஸ்டரும் மனைவியும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"எங்க ஆளுங்க பதினெட்டு பேரும் எந்த மாத்திரையும் மாத்தல மாஸ்டர்," என்றார் சூப்பர்வைசர். "உங்க கழுத்து அப்படியேதான் இருக்கு, நீங்க அஞ்சு வேளை வெந்நீர் காட்டினதுல டேப்புதான் ஒரு இஞ்சு சுருங்கியிருக்கு."