மூக்குக்கு ஒரு பரிவட்டம்

"இதை மாட்டுனா நான் மனுசனாலே, மாடாலே?"

சங்கிலிமுத்து அந்த ரப்பர் மாஸ்க்கைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி, போர்மேன் மாரீஸ்வரன் கையிலேயே திரும்பப் போட்டார். பிறகு இருமினார். ஆனைக்குட்டம் ரோட்டிலிருந்த அந்தப் பட்டாசு ஆலையில் இருபது வருஷமாக மருந்து கலப்பவர். அவர் கலந்த மருந்தில் பூச்சட்டி பனை உயரம் சீறும். ஆனால் அந்த மருந்தின் அலுமினியத் தூள் அவர் நெஞ்சிலும் குடியேறிவிட்டது.

"இப்ப நிறுத்துனா பிழைச்சுக்கலாம். இனிமே ஒரு பொட்டுத் தூள் உள்ள போகக் கூடாது" என்று விருதுநகர் டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியும் மதுரையிலிருந்து இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த இந்த மாஸ்க்கை வரவழைத்துவிட்டார். சனிக்கிழமைக்குள் மாட்டாவிட்டால் சங்கிலிமுத்துவைக் கலவை ரூமுக்குள் விடக்கூடாது, கேட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது உத்தரவு. கேட்டில் உட்கார்ந்தால் மனுஷன் ஏங்கியே செத்துப்போவார்.

"அண்ணே, தாடியையும் எடுத்துருங்க. சந்து இருந்தா தூள் பூந்துரும்."

"எனக்குத் துண்டு போதும். போலே."

மாரீஸ்வரன் மாஸ்க்கைக் கலவை ரூம் வாசல் ஆணியில் மாட்டினான். பார்க்கப் பார்க்க மனசு மாறும் என்று நினைத்தான். மாறியது வேறு மனசு.

"ஏன் தம்பி, அவருக்கு மட்டும் ரெண்டு டப்பா வச்சது. எங்களுக்கு மூக்குல கவுக்குற இந்த வெள்ளைக் கிண்ணமா?" பூச்சட்டி அடைக்கும் பாண்டிலட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அக்கா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்கு. மருந்து கலக்குறவருக்கு மாவு மாதிரி தூள் பறக்கும், அந்த டப்பாதான் வடிகட்டும். நீங்க அடைக்கிறதுக்கு வெள்ளைக் கிண்ணம் போதும். லேபிள் ஒட்டுறவுகளுக்கு அட்டைத் தூசிதான், துணியே போதும்."

"அப்ப எங்க மூக்கு மட்டமா?"

பங்குனிப் பொங்கலில் பரிவட்டம் யாருக்கு என்று மூன்று வருஷம் கேஸ் நடத்திய ஊர்க்காரர்களிடம் போய் அவன் தராதரம் பேசியிருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் லேபிள் ஒட்டும் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வாயைத் திறக்காமல் துணி மாஸ்க்கோடு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது சங்கிலிமுத்துவின் மனைவி இருளம்மாள் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மாரீஸ்வரன் முறை வைத்தான். ஆளுக்கு ஒரு மணி நேரம். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மாஸ்க்கோடு பாண்டிலட்சுமி என்ன சொல்கிறாள் என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. "என்னைத்தான் வைதா" என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

புதன்கிழமை அதைப் பிடுங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டினான். "மச்சினிக்குக் குடுக்க எடுத்து வச்சிருக்காக" என்று புரளி கிளம்பியது. வாட்ச்மேன் பலவேசம் வேறு வந்து தலையைச் சொறிந்தார்.

"லாரி தூசி தாங்கலய்யா. எனக்குத் தந்தீகன்னா..."

"உமக்குமாய்யா?"

வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லா மாஸ்க்குகளையும் அவன் மேஜையில் குவித்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "மாஸ்க் இல்லாம மருந்துல கை வைக்க மாட்டோம். மாட்டுனா டப்பா மாஸ்க்தான் மாட்டுவோம்." தீபாவளிக்கு இரண்டே மாசம். வடநாட்டு ஆர்டர் அப்படியே கிடந்தது. மாரீஸ்வரனுக்கு அழுகை வராத குறை. கடைசியில், "நாளைக்குக் காலையில குலுக்கல். யாரு பேரு வருதோ அவுகளுக்கு" என்று கத்திவிட்டுப் போனான். யாருக்கு விழுந்தாலும் சங்கிலிமுத்துவுக்குக் கேட்தான்.

சனிக்கிழமை காலை. மாரீஸ்வரன் பீரோவிலிருந்து எடுத்த ரப்பர் மாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எவர்சில்வர் தூக்குவாளியில் சீட்டுகளைப் போட்டு, குலுக்கக் கையைத் தூக்கினான்.

"நிறுத்துலே!"

எல்லாரும் திரும்பினார்கள். முதலில் அந்த ஆள் யாரென்றே தெரியவில்லை. மீசை மட்டும் அடையாளம் சொன்னது. சங்கிலிமுத்து தாடியை வழுவழுவென்று மழித்திருந்தார்.

"எனக்குன்னு வாங்குன சாமானை எவம்லே ஏலம் போடுறது? இருவது வருசமா மருந்து கலக்குறவன் நானு. நேத்து வந்தவளுக்கெல்லாம் குடுத்துருவியா?"

அவன் கக்கத்திலிருந்து மாஸ்க்கைப் பிடுங்கி, வார்களைப் பின்னால் இழுத்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை நடை நடந்து கலவை ரூமுக்குள் போனார். மாரீஸ்வரன் எட்ட நின்று காது கொடுத்தான். வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் அந்த இருமல் தொடங்கிவிடும். பத்து நிமிஷமாயிற்று, கால் மணி நேரமும் ஆயிற்று. சத்தமே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நொடிதான் நினைப்பு வந்தது. பின்னால் முப்பது பெண்கள்! இனி விளக்குமாறுதான் பறக்கும் என்று தலையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினான்.

எதுவும் பறக்கவில்லை. பெண்கள் மேஜையில் கிடந்ததில் அவரவருக்கு உரியதை எடுத்து, சமத்தாக மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பாண்டிலட்சுமி வெள்ளைக் கிண்ணத்தை மூக்கில் அமுக்கிவிட்டுக் கண்ணடித்தாள்.

"என்ன மதினி இது?" கடைசியாக நின்ற இருளம்மாளைக் கேட்டான்.

இருளம்மாள் துணி மாஸ்க்கின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"போடுங்கன்னா போடமாட்டாரு தம்பி, அடுத்தவ கேட்டா விடமாட்டாரு, அதான் இவளுகளை எல்லாம் கேக்கச் சொன்னேன்."