எதிர்வீட்டுச் சம்பந்திக்கு, வாய்க்கால் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, எதிர்வீட்டுச் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் சம்பந்தி அம்மாளும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது எங்கள் வாசலிலிருந்தே தெரிகிறது. இன்று காலை நீங்கள் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, பளபளவென்று துடைத்து, எங்கும் போகாமல் மறுபடி உள்ளே விட்டதைப் பார்த்து மகிழ்ந்தேன். இருபது அடி தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மூன்று நாளாக நேரில் சொல்லத்தான் வந்துகொண்டிருந்தேன். முதல் நாள் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள், கெடுக்க மனம் வரவில்லை. இரண்டாம் நாள் கடுகடுவென்று இருந்தீர்கள், வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. மூன்றாம் நாள் உங்கள் வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் எழுத்தில் இறங்கியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருவதற்கு முன் என் நிலைமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பத்தோரு வருடம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதன் நான். போன மழைக்குப் பிறகு வெள்ளத் தடுப்பு ஒருங்கிணைப்பு அலுவலகம் என்று ஒன்றைப் புதிதாகத் திறந்து, அதன் நாற்காலியில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். "சார், எனக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்? குடிக்கத் தெரியும், குளிக்கத் தெரியும், அவ்வளவுதான்" என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "தண்ணியப் பத்தித் தெரிஞ்சவங்க நாலு துறையில இருக்காங்க. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேனே, ரெண்டு வீட்டுக்காரங்களையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுச் சிரிக்க வச்சீங்க பாருங்க, அந்தத் திறமைதான் இப்ப வேணும்" என்றார். ஆக இந்த வேலை எனக்கு வந்ததில் உங்களுக்கும் பாதிப் பங்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். வெள்ளம் எங்களை எட்டாது, நாங்கள் வெள்ளத்தை எட்டுவதும் கொஞ்சம் சிரமம். ஆட்கள் இரண்டு பேர்: நானும், வரைபடம் போடுகிற வரைவாளர் அம்மாவும். முதல் கூட்டத்துக்கு நாலு துறைக்காரர்களும் வந்தார்கள். நம் தெருவில் போன வருடம் மூன்று நாள் தண்ணீர் நின்றதே, அது யார் பொறுப்பு என்று கேட்டேன். சாலைத் துறைக்காரர், "ரோடு எங்களது, அது மேல நிக்கிற தண்ணி எங்களது இல்ல" என்றார். வடிகால் துறைக்காரர், "ஓடுற தண்ணின்னா சொல்லுங்க, பாத்துக்கறோம். நின்னுட்டா அது எங்க கணக்குல வராது" என்றார். ஏரித் துறைக்காரர், "ஏரிக்கு வந்து சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க, போதும்" என்றார். நகரத் திட்டத் துறைக்காரர் மட்டும் தன் வரைபடத்தை விரித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்க படத்துல தண்ணியே இல்லீங்களே" என்று அதை மடித்து வைத்துவிட்டார். மூன்று மணி நேரம் பேசி, அடுத்த கூட்டம் எப்போது என்பதில் மட்டும் நாலு பேரும் ஒத்துப்போனார்கள்.

அந்த அடுத்த கூட்டம் வருவதற்குள் நம் தெருக்கோடித் தையற்காரம்மா மூன்று மாடி ஏறி வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், போன வருஷம் மூணு மிஷினும் முங்கிப்போச்சு. இந்த வருஷம் முன்னாடியே தூக்கி மேசை மேல வச்சுட்டேன். மேசைய எது மேல வைக்கறதுன்னுதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, சம்பந்தி. அவள் இறங்கிப் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையிலேயே ஒருங்கிணைக்க ஆரம்பித்தேன். நாலு துறையின் பழைய படங்களையும் அடியில் இருப்பது தெரிகிற நாலு டிரேசிங் தாளில் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தண்ணீர் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று தெரிந்துவிடும் என்றாள் வரைவாளர் அம்மா. நல்ல யோசனை. ஆனால் தாளில் யார் துறையின் பெயர் மேலே வருவது என்று ஒரு சண்டை. அதைத் தீர்த்தால், தெருப் பெயரை எந்தத் துறை எழுதுகிறபடி எழுதுவது என்று இன்னொரு சண்டை. பதினாறு நாள் இதிலேயே போனது. கடைசியில் நான் ஒரு உத்தரவு போட்டேன்: தாளில் பெயர் வேண்டாம், எண் வேண்டாம், எழுத்தே வேண்டாம், வெறும் கோடு மட்டும் போதும். நாலு பேரும் அப்படியே அடங்கிவிட்டார்கள். மேலதிகாரி கையைக் குலுக்கினார். என் உத்தியோக வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நாள் அதுதான்.

நாலு தாளையும் கண்ணாடி மேசையில் அடுக்கினோம். தெருக்கோடு தெருக்கோட்டின் மேல் உட்கார்ந்தது, தெருமுனைக்கு நேரே இருக்கிற ஏரி ஏரியின் மேல் உட்கார்ந்தது, ஒரு இம்மி பிசகவில்லை. வடிகால் துறையின் தாளில் மட்டும், மண்ணுக்கடியில் மூடப்பட்டு எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய வாய்க்கால் ஓடியது. தெருவைக் குறுக்கே கடந்து, ஒரு வீட்டின் பக்கத்தை ஒட்டிப் போய், ஏரியைச் சேருகிறது. அது எந்த வீடு என்று விரலை வைத்துப் பார்த்தேன். விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

உங்கள் வீடுதான், சம்பந்தி. நம் இரண்டு வீட்டுப் பக்கத்திலும் சும்மா ஒரு துண்டு நிலம் கிடந்ததே, போன வருடம் கோடையில் நீங்கள் உங்கள் பக்கத்துத் துண்டில் வண்டிக் கொட்டகை கட்டினீர்கள். உங்களைப் பார்த்து, சரி, உங்கள் கொட்டகையைப் பார்த்து, உங்கள் சம்பந்தி அம்மாள் அடுத்த மாதமே எங்கள் பக்கத்துத் துண்டில் ஒரு அறைக்கு அஸ்திவாரம் போட வைத்தாள், பூசி முடித்துத் திறந்தது இந்த வருடம்தான். எங்களுடையது வெறும் மேட்டு நிலம், ஒரு வில்லங்கமும் இல்லை. உங்கள் கொட்டகையின் அஸ்திவாரம்தான் வாய்க்காலின் கழுத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கு முந்தின வருடங்களில் நம் தெருவில் தண்ணீர் நின்றதே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். "ஒரு தடவை நேர்ல போய்த் தோண்டிப் பாத்துடலாமா சார்?" என்று வரைவாளர் அம்மா கேட்டாள். தினமும் குடியிருக்கிற தெரு, எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன். நாலு துறைக்காரர்களும் முதல் தடவையாக ஒரே குரலில், இடிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நோட்டீஸ் மூன்று நாளாக என் மேசையில், கையெழுத்து இல்லாமல், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மகளிடம் மட்டும் சொன்னேன். "நீ உன் மாமனார்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லேன்மா" என்றேன். "நான் சொன்னா அப்பா கட்சின்னு ஆயிடும். சொல்லாம இருந்தா மாமா கட்சின்னு ஆயிடும். வயித்துல ஒரு ஆளு இருக்கு, இப்போதைக்கு நான் அந்தக் கட்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மருத்துவர் குறித்த தேதியும் மழை வரும் என்று சொல்கிற தேதியும் ஒரே வாரத்தில் வருகின்றன. போன வருடம் மூன்று நாள் நம் தெருவுக்குள் ஒரு வண்டி வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவளை எந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நீங்கள் தினம் துடைத்து வைக்கிறீர்களோ, அந்த வண்டியின் கொட்டகையே அதை வெளியே போகவிடாமல் செய்துவிடும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒரு சுவர் என்ன பெரிய சுவர், சம்பந்தி? ஆசையாகத்தான் கட்டுகிறோம், யார் இல்லை என்றது? ஆனால் தண்ணீருக்கு நம் ஆசை தெரியாது, யார் வீட்டுக்காரர் என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஏரிக்குப் போகிற வழி ஒன்றுதான். நாம் மறித்தால் அது நம்மிடம் சண்டைக்கு வருவதில்லை, பேசாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே யாரோ ஒருத்தி மிஷினைத் தூக்கி மேசை மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்துப் பார்த்துக் கட்டியதை இடிக்கும்போது வலிக்கும். வலிக்கட்டும், இரண்டு நாள் வலிக்கும், பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும்போது நம் பேரனோ பேத்தியோ உலர்ந்த படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைவிடவா ஒரு சுவர் பெரிது? இதுவே என் வீடாக இருந்திருந்தால் ஒரு நொடி யோசித்திருக்க மாட்டேன். உங்கள் சம்பந்தி அம்மாளும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டாள். நானே கடப்பாரையை எடுத்து முதல் அடி அடித்திருப்பேன்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று கவலைப்படாதீர்கள். எங்கள் வாசலில் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம், மேலே போட ஒரு நல்ல தார்ப்பாய் நானே வாங்கித் தருகிறேன். கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு ஆசிகள். வரப்போகிற சின்னக் கட்சிக்கு முன்கூட்டியே முத்தங்கள். இரண்டு வீட்டாரும் கணுக்கால் நனையாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள எதிர்வீட்டுச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறைக்குள் போட்டு, ஒட்டுவதற்கு நாக்கை நீட்டிய நேரத்தில் வரைவாளர் அம்மா வந்து நின்றாள். "சார், தாளையெல்லாம் எடுத்து வைக்கலாம்னு தூக்கினேன். கண்ணாடியில ஒரு கோடு ஒட்டியிருக்கு" என்றாள். ஒட்டினால் துடைத்துவிடுங்கள் என்றேன். "அதுக்கில்ல சார். மை இருக்கற பக்கம் மேல இருக்கணும். இது கீழ இருந்திருக்கு. வடிகால் தாளை மட்டும் திருப்பிப் போட்டுட்டோம்." அதனால் என்ன என்றேன். "எழுத்து இருந்தா திருப்பிப் போட்டது உடனே தெரிஞ்சிருக்கும். நேர் தெரு, வெறும் கோடுங்கறதால எப்படி வச்சாலும் பொருந்திடுச்சு. வாய்க்கால் தெருவுக்கு அந்தப் பக்கம் போகல சார், இந்தப் பக்கம் போகுது." எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் தாளை நேராகத் திருப்பிப் போட்டு, எங்கள் வீட்டின் மேல் விரலை வைத்தாள். எங்கள் புது அறையைத் திறந்து வைத்த அன்று வந்து, ஜன்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

நேரே வீட்டுக்கு ஓடி வந்து அறைக்குப் பின்னால் பார்த்தேன். அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து பழைய வாய்க்காலின் மூடுகல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வருடமாகத் தினம் அதில்தான் குதிகாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுவதும் படித்துவிட்டு, "அப்படியே குடுங்கப்பா, மாமா சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்கிறாள். அவள்தான் கொண்டு வருகிறாள்.

ஆகவே, உங்கள் கொட்டகையில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம். நோட்டீஸில் பெயரை மாற்றி, அனுப்புநர் என்ற இடத்திலும் பெறுநர் என்ற இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலை ஆட்கள் வருகிறார்கள். கடப்பாரையைப் பற்றி எழுதியது அந்த வேகத்தில் வந்தது, ஆனால் எழுதியது எழுதியதுதான், முதல் அடி நான்தான். மறுபேச்சுப் பேச மாட்டாள் என்று எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடவும். உங்கள் சம்பந்தி அம்மாளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மகளும் குழந்தையும் வந்து தங்கவென்று நாலு மாதம் தேர்ந்தெடுத்த தரைக்கல், ஜன்னல், எல்லாம் அந்த அறையில்தான். இதோ, இப்போதுகூடத் திரைச்சீலை மாட்டிக்கொண்டு பாடுகிறாள். அறை போய்விட்டால் அதிலிருக்கிற கட்டிலையும் தொட்டிலையும் கொஞ்ச நாள் உங்கள் கொட்டகையில் போட்டு வைக்க இடமிருக்குமா? தார்ப்பாய் நான் எப்படியும் வாங்கத்தான் போகிறேன், அதை உங்கள் வண்டிமேல் போட்டுவிடலாம்.

இன்னொரு உதவி. "ஒரு சுவர் என்ன பெரிய சுவர்" என்று தொடங்குகிறதே, அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு உடனே எங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்குப் படித்துக் காட்டவும். நான் படித்தால் முதல் வரியைத் தாண்ட விட மாட்டாள். நீங்கள் படித்தால், சம்பந்தி முன்னால் சத்தம் போடக் கூடாது என்று கடைசி வரைக்கும் கேட்டுவிடுவாள். நான் உங்கள் கொட்டகையில், வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும் வந்து சொல்லவும்.