ரப்பர் மொட்டை

"இன்னும் ஒரே ஒரு தலைதான் பாக்கி," என்றார் முடிதிருத்துபவர், கத்தியைத் துடைத்தபடி.

பார்சல் அலுவலக மேனேஜர் தன் புது மொட்டையைத் தடவிக்கொண்டே கிடங்குப் பக்கம் பார்த்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிப்போன கேஷியர் அக்கா, பல மாதம் கழித்து இன்று வேலைக்குத் திரும்புகிறார். அவர் கூசி நிற்கக் கூடாதென்று அலுவலகமே மொட்டை போட்டிருந்தது. யோசனை மேனேஜருடையது. கிடங்குக்காரர் மட்டும் மசியவில்லை. முதுகில் புரளும் முடியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். 'குதிரைவால்' என்று பட்டம் சூட்டி, போகும்போதும் வரும்போதும் அதை இழுத்து விளையாடியதே அக்காதான்.

"ஏன்யா, அக்கா மேல உனக்கு அக்கறையே இல்லையா?"

"இருக்கு சார். அதான் வெட்டல."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"நீங்க மொட்டை போட்டதுக்கு நான் ஏதாச்சும் கேட்டேனா சார்?"

மேனேஜருக்குச் சுருக்கென்றது. அக்கா வந்து இறங்கும்போது இந்த ஒரு தலை எல்லாவற்றையும் கெடுத்துவிடுமே!

ஒரு தொப்பியைக் கொண்டுவந்து கிடங்குக்காரர் தலையில் மாட்டினார். வால் வெளியே ஆடியது. தெரிந்த நாடகக் குழுவிடம் ரப்பர் மொட்டை ஒன்றை இரவல் வாங்கி, முடியைச் சுருட்டி உள்ளே திணித்தார். தலை இரண்டு மடங்காயிற்று.

"தர்பூசணி மாதிரி இருக்கு சார்," என்றார் டைப்பிஸ்ட்.

"நிறம்தான் ஒட்டல. பவுடர் போட்டா சரியாயிடும்."

பவுடர் போட்டார்கள். வியர்வையில் அது குழம்பாகிக் காது வழியே வழிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

அக்காவின் தலையில் விரற்கடை உயரத்துக்குப் புதுமுடி கருகருவென்று முளைத்திருந்தது. வரிசையாக நின்ற மொட்டைகளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"அய்யய்யோ, உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"உங்களுக்காகத்தாம்மா..." என்று இழுத்தார் மேனேஜர்.

அக்கா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் மறக்க மாட்டேன் சார்," என்றார். பிறகு கண்கள் யாரையோ தேடின. தர்பூசணியில் போய் நின்றன. சிரிப்பு அணைந்துவிட்டது.

"அண்ணே... நீங்களுமா?"

கிடங்குக்காரர் பதறிப்போய் ரப்பரைப் பிய்த்தார். வால் பொத்தென்று தோளில் விழுந்தது.

அக்கா பாய்ந்து வந்து அதைப் பிடித்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஒவ்வொரு ஊசிக்கும் இந்த இழுப்பைத்தான் சார் நினைச்சுக்குவேன், நான் வர்ற வரைக்கும் வெட்டவே கூடாதுன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போனேன்!"