மறையாத சதுரம்

"இது கல்யாண ஆல்பமா, கரி மூட்டையா?"

முதலாளி அச்சடித்த படத்தை மேசைமேல் எறிந்தார். மணப்பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருந்துச்சு சார். பிரிண்டர் ரூம்ல கேளுங்க."

பிரிண்டர் அறையில் இருப்பவர் முதலாளியின் மச்சினன். கதவிடுக்கில் தலை நீண்டது. "நீ அனுப்புறதைத்தானே அடிக்கிறேன்? வீட்ல இருந்து மை கொண்டாந்தா ஊத்துறேன்?"

"அஞ்சு மணிக்குப் பொண்ணோட அம்மா வர்றாங்க," என்றார் முதலாளி. "அதுக்குள்ள சரியா வரலைன்னா நாளைக்கு இந்த இடத்துல வேற ஆள்."

டிசைனர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். மானிட்டரில் காமா கெட்டுவிட்டது என்று முடிவு செய்தான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை மானிட்டர் உள்ளபடி காட்டுகிறதா என்பதுதான் காமா. அதைச் சோதிக்க ஒரு கட்டம் உண்டு. சுற்றிலும் பொடிக் கோடுகள், நடுவில் சாம்பல் சதுரம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சதுரம் மறைய வேண்டும்.

மறையவில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி மறைய வைத்தான்.

மச்சினன் பின்னால் வந்து நின்றார். "எனக்கு வெளுத்துல்ல தெரியுது?"

"நின்னுக்கிட்டுப் பார்க்காதீங்க! இது மலிவு மானிட்டர். கண்ணு மேல போனா வெளுக்கும், கீழ போனா கறுக்கும். உட்கார்ந்து நேரா பார்க்கணும்!"

"ஓஹோ, இதுக்குப் பாடம் வேறயா?"

டிசைனர் எழுந்து அவரை அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மறுபடி நாற்காலியில் விழுந்தான். திரையில் மணப்பெண் இருட்டாகத் தெரிந்தாள். வெளுப்பாக்கி அனுப்பினான்.

வந்த படத்தில் மணப்பெண் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள்.

"மூக்குத்தியும் போச்சு," என்றார் மச்சினன்.

டிசைனர் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. கட்டத்தைத் திறந்தான். சதுரம் தெரிந்தது.

"இப்பத்தானே உன்னை மறைச்சேன்!"

திரும்பவும் மறைத்தான். மேசை விளிம்பு நெஞ்சில் இடித்தது. அவன் இருந்த கோபத்தில் அது உறைக்கவில்லை.

பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்தாள். "கொஞ்சம் எழுந்திருங்க தம்பி, அடியில குப்பை."

"எல்லாரும் இன்னிக்கே வாங்க!" என்று கத்திவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது கோபம் பாதி இறங்கியிருந்தது. மெதுவாக உட்கார்ந்தான். மணப்பெண் கண் கூசும்படி பளபளத்தாள். அவசரமாக இருட்டாக்கி அனுப்பினான்.

கரி மூட்டை திரும்பி வந்தது.

"காலையில அடிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மச்சினன். "இது இன்னும் கறுப்பு."

டிசைனர் நாற்காலியை உதைத்து, அதிலேயே விழுந்து, மூன்றாம் முறை சதுரத்தை மறைத்தான். மணி நாலே முக்கால். முதலாளி வந்துவிட்டார்.

"எழுந்திரு. அந்தக் கட்டத்தை நான் பார்க்கிறேன்."

முதலாளியும் அவனும் ஒரே உயரம். அவர் நிதானமாக உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினார். "சதுரம் எங்கடா? ஒண்ணுமே தெரியலையே. சரியாத்தானே இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாது சார்! நான் உட்கார்ந்தா தெரியும்! நகருங்க!"

முதலாளி நகர்ந்ததும் பாய்ந்து வந்து நாற்காலியில் விழுந்தான். சதுரம் பளிச்சென்று எதிரில் நின்றது.

"பாருங்க! வந்துடுச்சு! இந்த மானிட்டருக்கு என்மேல என்ன பகை?"

முதலாளியும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் பெண்ணின் அம்மாவுடைய செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, உன் சாமானை எடுத்துக்க," என்றார் முதலாளி, தணிந்த குரலில்.

மூலையில் வாளியோடு நின்ற பெருக்கும் அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மானிட்டரை ஏன் திட்டுறீங்க? கோபத்துல தொப்புன்னு விழற ஒவ்வொரு தடவையும் உங்க நாற்காலிதானே நாலு விரக்கடை இறங்குது. பெருக்க வரும்போதெல்லாம் நான்தான் பழையபடி மேல ஏத்தி விட்டுட்டுப் போறேன்."